செருப்பில்லாத வாசல்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் நாட்டுக்கே முதுகு வலித்த காலத்தில், மகரவேந்தன் என்றொரு ராஜா இருந்தான். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் மனதில் தோன்றியது மாலைக்குள் நடந்தாக வேண்டும் என்பான். ஒருநாள் அவனுக்குப் பல் வலித்தது. வலி அடங்கியதும், "என் குடிகளுக்கும் இப்படித்தானே வலிக்கும்" என்று இரக்கப்பட்டான். உடனே ஒரு வைத்தியசாலை கட்டச் சொன்னான்.

கட்டிக்கொடுத்தவர் தலைமை அமைச்சர் வச்சிரபாகு. அவர் எதைச் செய்தாலும் குறைவாகச் செய்யமாட்டார். பதினாறு வகை நோய்க்குப் பதினாறு கதவு வைத்தார். ஒவ்வொரு கதவுக்கு மேலும் இரண்டு ஆள் உயரத்தில், அங்கே எந்த நோய்க்கு மருந்து என்பதைச் செய்யுளாகக் கல்லில் வெட்டினார். செய்யுளும் அவர் இயற்றியதுதான். வாசலில் இரண்டு கல் சிங்கம், நடுவில் ராஜமுத்திரை. கால் உடைந்தவன் ஏறிவரப் பன்னிரண்டு படி.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. மூன்று முறை தண்டோராவும் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து ராஜா பார்க்கப் போனபோது உள்ளே நோயாளி ஒருவர்கூட இல்லை. வைத்தியர்கள் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ராஜாவின் முகம் வாடியது. வச்சிரபாகு முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"மன்னர் பெருமானே, இதில் வருந்த ஒன்றுமில்லை. தங்கள் நல்லாட்சியில் குடிகளுக்கு நோயே கிடையாது என்பதற்கு இந்தக் காலி மண்டபமே சாட்சி."

ராஜாவுக்கு அது கொஞ்சம் இனித்தது. "அப்படியானால் இதை யானைக் கொட்டாரமாக்கிவிடலாம். புது யானைகளுக்கு இடம் போதவில்லை" என்றான்.

கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். அரண்மனை விகடகவி திருமேனி. பெயர்தான் திருமேனியே தவிர மேனி என்று சொல்ல அவனிடம் அதிகம் இல்லை. எலும்பும் தோலும் இரண்டு பெரிய கண்களும்தான். நாக்கு மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது. அந்த நாக்கினால் ராஜாவுக்கு அவன்மேல் பிரியம். அந்தப் பிரியத்தினால் அமைச்சருக்கு அவன்மேல் வயிற்றெரிச்சல்.

"அரசே, குடிகளுக்கு நோய் இருக்கிறது. இந்தக் கட்டடத்துக்கும் இருக்கிறது. குடிகளின் நோயைத் தீர்க்க வைத்தியர் உண்டு. கட்டடத்துக்குத்தான் யாரும் நாடி பிடிக்கவில்லை" என்றான் திருமேனி.

வச்சிரபாகு காத்திருந்த நேரம் வந்துவிட்டது. "கட்டடத்துக்கு நோயா? அப்படியானால் விகடகவியே குணமாக்கட்டும். சாத்திரப்படி எழுப்பிய மண்டபம் இது, ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. செய்யுளில் ஓர் எழுத்தையும் கூட்டவோ அழிக்கவோ கூடாது. தண்டோரா போட்டாயிற்று, இனி யாரையும் வாய்விட்டு அழைக்கவும் கூடாது. இப்படியே ஒரே பகலில் நூறு நோயாளிகள் தாமாக வந்து, தாமாகவே சரியான கதவைத் திறக்கட்டும், பார்க்கலாம்."

ராஜாவுக்குப் போட்டி என்றால் உயிர். "நன்று. திருமேனி, உனக்கு எட்டு நாள். எட்டாம் நாள் சூரியன் விழுவதற்குள் நூறு பேர் வராவிட்டால் இது யானைக் கொட்டாரம். நீ அதில் சாணி அள்ளுவாய்" என்றான்.

மறுநாள் முதல் திருமேனி என்ன செய்தான் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. வைத்தியசாலைக்கு எதிரே ஒரு புங்கமரம் இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து அவித்த பயறு தின்றுகொண்டு பார்த்தான். அமைச்சர் அனுப்பிய ஒற்றன் போய், "இன்றும் பயறுதான் தின்றான் ஐயா" என்று தகவல் சொன்னான். அமைச்சர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் திருமேனியின் அந்தப் பெரிய கண்கள் சும்மா இருக்கவில்லை. நோயாளிகள் வரத்தான் செய்தார்கள். மரத்தடி வரை வந்தார்கள். வாசலைப் பார்த்தார்கள். சற்று நேரம் உட்கார்ந்தார்கள். பிறகு எழுந்து வந்த வழியே போய்விட்டார்கள். யாரும் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கவில்லை. வலி உள்ளவனுக்குத் தரைதான் கண்ணில் படும்.

இரண்டாம் நாள் உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சி என்பவள் தன் புருஷன் கொம்பையாவைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். அவன் வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. இடது காலில் மட்டும் செருப்பு. மரத்தடியில் அவனை இறக்கி வைத்துவிட்டு வாசலையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவனைத் தூக்கப் போனாள்.

திருமேனி கேட்டான். "ஏன் தாயி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு உள்ள போகாம திரும்புறிய?"

"அங்கன எப்படி சாமி போறது? வாசல்ல ஒத்தச் செருப்பக் காணோம். ஆளுவ போற எடமா இருந்தா செருப்புக் கெடக்காதா? சிங்கமும் முத்திரையுமா இருக்கு. அரமணைக்காரங்க பொழங்குற எடம் போலுக்கு. நாம ஏறி, எவனாச்சும் ஏன்னு கேட்டா?"

"மூணு வாட்டி தண்டோரா போட்டாங்களே தாயி."

"போட்டாங்க. தண்டோராக்காரன் சொல்லுவான். வாசல் சொல்லலியே."

திருமேனி வாயில் இருந்த பயறை மெல்லவும் மறந்துபோனான். ஊரையே சிரிக்கவைக்கும் அந்த விகடகவிக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது. சட்டென்று எழுந்து கொம்பையாவின் மறு தோளைப் பிடித்தான். மூவருமாகப் பன்னிரண்டு படியையும் ஏறினார்கள்.

உள்ளே மூத்த வைத்தியர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். உப்புப் பாளம் கிழித்த புண், கணுக்கால் வரை வீங்கிவிட்டது. கழுவி மருந்து வைத்துக் கட்டினார். "ஒரு மாதம் தினமும் வந்து கட்டு மாற்றவேண்டும். விட்டால் காலை எடுக்கத்தான் வேண்டும்" என்றார்.

"வந்துருதோம் அய்யா" என்றாள் பேச்சி.

திருமேனி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் ஆறு நாளில் இங்கே யானை கட்டப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருத்தனைக் கைபிடித்து அழைத்து வந்தாயிற்று, ஊரையே எத்தனை கைகொண்டு பிடிப்பது என்று நினைத்தான். சாணி அள்ளுவது அவனுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தக் கால்தான் தூங்கவிடாமல் செய்தது.

ஐந்தாம் நாள் சபைக்குப் போய், "அரசே, ஒருமுறை தாங்களே நோயாளியாக வந்து பார்க்கவேண்டும்" என்று வேண்டினான்.

"எனக்குத்தான் நோய் இல்லையே."

"அதற்கு நான் பொறுப்பு" என்று ராஜாவின் பாதுகைகளுக்குள் நாலைந்து புளியங்கொட்டையைப் போட்டான். சபை திகைத்தது. ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. மகுடத்தைக் கழற்றி, முண்டாசு கட்டி, நொண்டிக்கொண்டே கிளம்பினான். வச்சிரபாகுவும் பின்னால் வந்தார்.

பன்னிரண்டு படி ஏறுவதற்குள் ராஜா பன்னிரண்டு முறை முனகினான். உள்ளே பதினாறு கதவு. எல்லாம் ஒரே மரம், ஒரே வேலைப்பாடு. பாத நோய்க்கு எது? கழுத்தைப் பின்னால் சாய்த்து மேலே படித்தான். 'தாமரை வாடிய தளர்வு தீர் இல்லம்' என்று இருந்தது. பாதத்தைக் கவிகள் தாமரை என்பார்கள் அல்லவா? கதவைத் திறந்தான். அது கண் வைத்தியர் அறை. அடுத்த தாமரைக் கதவைத் திறந்தான். முகத்தில் வரும் தேமலுக்கு மருந்தாம். மூன்றாவது தாமரை, கைச் சுளுக்கு.

"வச்சிரபாகு" என்றான் ராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு. "கண்ணும் தாமரை, கையும் தாமரை, முகமும் தாமரை. நான் எந்தத் தாமரைக்குப் போவது?"

"நான்காவது தாமரை, மன்னா. சற்று நிதானமாகப் படித்தால் விளங்கும்."

நான்காவது அறையில் ராஜா ஆசனத்தில் உட்கார்ந்தான். ஒரு நாழிகை ஆயிற்று. வைத்தியர் வரவில்லை. தான் வந்திருப்பது யாருக்காவது தெரியுமா தெரியாதா என்றே ராஜாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் பாதுகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தான்.

"அரசர் உண்மையான நோயாளி அல்லவே. பாமரர்கள் பொறுமைசாலிகள்" என்றார் வச்சிரபாகு. சொன்ன சொல் சொன்னதுதான் என்பதால் ராஜா போட்டியை மாற்றவில்லை.

எட்டாம் நாள் விடிந்ததும், எதிரே இருந்த செக்கு வீட்டின் மாடியில் ராஜாவையும் சபையாரையும் திருமேனி உட்காரவைத்தான். சபையாரைப் பார்த்தால் சனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று சன்னலுக்கு ஓர் ஓலைத்தட்டியும் கட்டினான். பிறகு ஒரு மாட்டுவண்டி வந்து வாசலில் நின்றது. வண்டி நிறையப் பழைய செருப்பு. தேய்ந்தது, வாரறுந்து தைத்தது, ஒரு பக்கம் சாய்ந்தது என்று நாற்பது ஜோடி. செருப்புத் தைப்பவர்களிடம் கேட்டு வாங்கியது. அவற்றைச் சிங்கங்களுக்கு நடுவே, ஆட்கள் அவசரமாகக் கழற்றிப் போட்டதுபோல் இறைத்துவிட்டான்.

அவன் மாடிக்குத் திரும்பியபோது சபையில் சிரிப்பு கிளம்பியது. ராஜா சிரிக்கவில்லை. "என் முத்திரைக்கு முன்னால் பழஞ்செருப்பா? திருமேனி, உனக்குத் தலை கனத்துவிட்டதா?"

"அரசே, செருப்பு கல் அல்ல. எழுத்தும் அல்ல. அதற்கு வாயும் கிடையாது. அமைச்சர் சொன்ன எதையும் நான் மீறவில்லை. கோபத்தை மட்டும் சாயங்காலம் வரை தள்ளிவைக்க வேண்டும்."

படிகள்மேல் ஒரு பக்கமாக அகலமான மரப்பலகையைச் சரிவாகப் போட்டிருந்தான். மரமும் கல் அல்ல. கதவுகளில் கண்மட்டத்துக்குக் கீழே பொருள்களைத் தொங்கவிட்டிருந்தான். காய்ச்சல் கதவில் நொச்சிக் கொத்து. பேறுகாலக் கதவில் சின்னத் தொட்டில். எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை. கால் நோய்க்கு ஒரு ஊன்றுகோல். ஒவ்வொரு கதவிலும் ஒரு மாட்டுச் சலங்கை. கதவு அசைந்தால் சலங்கை ஒலிக்கும், ஒலித்தால் வைத்தியர் வருவார்.

முதலில் வந்தவர் முழங்கை முறிந்த ஒரு பனையேறி. மரத்தடியில் நின்று பார்த்தார். செருப்புக் குவியலைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. யாரையும் கேட்கவில்லை. தன் செருப்பையும் அந்தக் கூட்டத்தில் கழற்றிவிட்டு, பலகைமேல் நடந்து, மூங்கில் பத்தை தொங்கிய கதவைத் தள்ளினார். சலங்கை ஒலித்தது.

மாடியில் ராஜா முன்னால் குனிந்தான்.

பிறகு இரண்டு பேர். பிறகு ஒரு கர்ப்பிணியும் அவள் மாமியாரும். ஒரு செருப்பு இன்னொன்றைக் கூட்டி வந்தது. உச்சிப்பொழுதில் வாசலில் கால் வைக்க இடமில்லை. எவரோ ஒருவர் திரும்பும்போது தன்னுடையதைவிட நல்ல ஜோடியாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போனார்; அதுவும் நடக்கத்தான் செய்தது. பொழுது சாயும் நேரத்தில் பேச்சியும் கொம்பையாவும் வந்து, அவனுடைய ஒற்றைச் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்கள்.

சூரியன் சாய்ந்தபோது, மாடியில் ஆள் கணக்கு எடுத்துவந்த எழுத்தர் ஓலையை நீட்டினார். தொண்ணூற்றொன்பது பேர்.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. திருமேனி புங்கமரத்தடியில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒன்று குறைகிறது. நான் நேரில் போய்ச் சரிபார்த்து வருகிறேன். ஒருவரை இருமுறைகூட எண்ணியிருப்பார்கள்" என்று வச்சிரபாகு மகிழ்ச்சி தாங்காமல் மாடிப்படி இறங்கி ஓடினார். அதே ஓட்டத்தில் வாசலுக்கு வந்தவர் கீழே பார்க்கவில்லை. அவர் கால் செருப்புக் குவியலில் சிக்கியது. தடாலென்று விழுந்தார். கணுக்கால் மடங்கிவிட்டது.

"அம்மா" என்று அலறினார். எழுந்தார். நொண்டி நொண்டிப் பலகைமேல் ஏறினார். பதினாறு கதவுகளுக்கு முன்னால் நின்றார். மேலே அவர் கையால் எழுதிய பதினாறு செய்யுள் இருந்தன. அவர் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊன்றுகோல் தொங்கிய கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனார். சலங்கை ஒலித்தது.

"நூறு" என்றார் எழுத்தர்.

ராஜா ஓலைத்தட்டியைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சிரித்தான். செக்கு வீட்டுத் தூண் அதிரச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தபிறகும் நிறுத்தவில்லை. பிறகு கீழே இறங்கி வந்து திருமேனியைத் தழுவிக்கொண்டான்.

"மூன்று மாதம் நான் என் முத்திரையை மட்டும்தான் பார்த்தேன். நீ அவர்கள் பார்ப்பதைப் பார்த்தாய். இந்த மண்டபம் இனி உன் பொறுப்பு. யானைக்கு வேறு இடம் பார்க்கிறேன். உனக்கு என்ன வேண்டும், கேள்."

"அரசே, நாளைக்கு இந்தப் பழைய செருப்புகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வாசல் மறுபடி வெறுமையாகிவிடும்."

"அதற்கு?"

"தங்கள் பாதுகைகளை இங்கே விட்டுவிட்டுப் போங்கள்."

சபையார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராஜா மறுபடி சிரித்தான். பொன்சரிகை வைத்த பாதுகைகளைக் கழற்றி, உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருந்த கொம்பையாவின் ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு அரண்மனைக்கு நடந்தான்.

அதன்பிறகு அந்த வாசல் செருப்பில்லாமல் கிடந்ததே இல்லை. ஒரு மாதம் ஆயிற்று. பேச்சி தோள் கொடுக்காமலே அன்று கொம்பையா வந்தான். சிங்கங்களுக்கு நடுவே நின்று இரண்டு கால் செருப்பையும் கழற்றினான். ராஜாவின் பாதுகைகளைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, இரண்டையும் ஜோடியாக வைத்தான். பிறகு பலகையில் ஏறாமல் பன்னிரண்டு படியையும் நடந்தே ஏறினான்.