பர்மாவுக்குப் போன முருங்கை

இந்தக் கதைய எனக்கு மொதல்ல சொன்னது பக்கத்து வீட்டு அங்கம்மாக்கா. உங்கப்பன் பொறந்த அஞ்சாம் நாள், பால் வரலையேன்னு நான் அழுதுக்கிட்டு இருந்தப்போ சொன்னாங்க. படுத்துக்கிட்டே கேளு. "ம்" போடணும்.

ஒரு ஊர்ல ஒரு ஆறு. சின்ன ஆறு, முழங்கால் தண்ணி. இந்தக் கரை நம்ம நாடு, அந்தக் கரை பர்மா. ஆறுதான் எல்லைன்னு எவனோ காகிதத்துல எழுதிட்டான். ஆறு எடம் மாறி நடக்கும்னு அந்தப் படிச்சவனுக்குத் தெரியல.

கரையோரத்துல சிகப்பாயின்னு ஒருத்தி. பர்மாவுலேர்ந்து கட்டுன துணியோட தொரத்திவிட, இங்க வந்து குடிசை போட்டவ. கொல்லையில ஒரு முருங்கை வெச்சா.

அப்புறம் ஒரு ஆடி மழை. ஓன்னு வெள்ளம். விடிஞ்சு பாத்தா, குடிசைக்கும் முருங்கைக்கும் நடுவுல ஓடுது ஆறு! மரம் பர்மாவுக்குப் போயிடுச்சு.

தூங்கிட்டியா? ம்.

அப்போ பாத்து அவ மக செம்பகத்துக்குப் பொண்ணு பொறந்துச்சு. பால் சுரக்கல. பிள்ளை வீல் வீல்னு கத்துது. முருங்கைக்கீரை குடுத்தா சுரக்கும். சந்தைக்குப் போற பாதையோ வெள்ளத்தோட போச்சு.

சிகப்பாயி இந்தக் கரைச் சிப்பாய்கிட்ட போனா. "ஐயா, என் மரத்துல நாலு கொத்து கீரை."

"ஆபீசர் கடுதாசி வேணும்."

"பச்சப்பிள்ளை கடுதாசியையா குடிக்கும்?"



அப்புறம் தண்ணியில எறங்கிட்டா, சளக் சளக். அந்தக் கரைச் சிப்பாய் வானத்தப் பாத்துச் சுட்டான், டமால்! ஓடியாந்துட்டா.

மூணாவது தடவை அவளுக்கு வந்துச்சு பாரு கோவம்! தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு நட்டாத்துல நின்னா. அடிமண்ணை வாரித் தூத்துனா. ஆத்துக்கு ஒரு கை, இந்தக் கரைக்கு ஒரு கை, அந்தக் கரைக்கு ஒரு கை. பர்மா பாஷையில கத்துனா: "நான் நட்ட மரம்டா! நானும் நகரல, அதுவும் நகரல. உங்காத்தா உனக்குக் குடுத்தது எந்த நாட்டுப் பாலுடா?"

பரமேஸ்வரித் தாயே, அவ திட்டுன மிச்சத்த நான் சொல்லக் கூடாது.

அந்தக் கரைச் சிப்பாய் தலை குனிஞ்சான். கத்திய எடுத்தான். சடக்! கீரையோட கை பருமன் கெளை, நட்டா துளிர்க்கிற போத்து. ஆத்துல வீசிட்டு, "தண்ணியில போறது யாருதோ, எனக்குத் தெரியாது"ன்னான். இந்தக் கரைச் சிப்பாய் முதுகக் காட்டி நின்னுக்கிட்டான். போத்து மெதந்து வந்து அவ கால்ல முட்டுச்சு.

பால் சுரந்துச்சு. கோவம் ஆறல. சொந்த மரத்துக் கீரைய ஆத்துல பொறுக்க வெச்சானுங்களேன்னு சாகுறவரைக்கும் திட்டுனா. எனக்கும் ஆறல கண்ணு, சாமி மன்னிக்கட்டும்.

அந்தப் பிள்ளைதான் அங்கம்மாக்கா. அந்தப் போத்த ஆறு எட்டாத எடத்துல நட்டாங்க. அதுலேர்ந்து அக்கா எனக்கு ஒடிச்சுத் தந்ததுதான் நம்ம கெணத்தடியில நிக்குது.

கதை கரையேறிடுச்சு, கண்ண மூடு. காலையில அதுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்திடு, என்ன?