எண்ணெய் வடிந்த வழி

ஓட்டுநர் மாதையனை வேலையிலிருந்து அனுப்பிவிடலாமா என்று கேட்கத்தான் தீர்த்தகிரி அன்று காலையில் உலகம்மையிடம் வந்தார். கையில் கடிதம் தயாராக இருந்தது. அம்மையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் தீர்த்தகிரிக்கு அறுபத்து மூன்று. பேருந்துப் பணிமனை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மலையடிவாரத்தில் அம்மை நடத்திவந்த அந்தச் சிறிய ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். அங்கிருந்த பழைய வெள்ளைக் கார் அவர் பொறுப்பில் இருந்தது. மலைமேல் பெருங்காட்டூருக்குப் பஸ் கிடையாது. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அந்தக் கார்தான் ஏறிப் போய் அழைத்து வரும். மாதையனும் அந்த ஊர்க்காரன்தான்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடிதத்தை வாங்கவில்லை.

"என்ன தப்பு பண்ணினார்?"

"உங்களுக்குத் தெரியாததாம்மா? போன வாரம் பிரசவ வலியில இருந்த பொண்ணைக் கூட்டிவரப் போனான். ஏழாவது வளைவுல ஆயில் விளக்கு எரிஞ்சு வண்டி நின்னுபோச்சு. அளவு பார்க்கிற கம்பியை விட்டுப் பார்த்தா நுனியில கூட ஆயில் ஒட்டலை. அந்தப் பொண்ணைக் கட்டில்ல வச்சுத் தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. வழியில, ஒரு பாறை மேலேயே குழந்தை பிறந்துடுச்சு."

"குழந்தை நல்லா இருக்கா?"

"இருக்கு. தாயும் நல்லாத்தான் இருக்கா. அது நம்மாலே இல்லை."

"மாதையன் என்ன சொல்றார்?"

"காலையில முதல் நடை போறதுக்கு முன்னாடி பார்த்தேன், ஆயில் மேல்கோடு வரைக்கும் இருந்ததுங்கிறான். பார்த்திருந்தா சாயங்காலத்துக்குள்ள எங்கே போகும்?"

கார் கொட்டகைப் பக்கமிருந்து மாதையனின் குரல் வந்தது. "தலைக்குத் தேய்ச்சுக் குளிச்சுட்டேன் சார்."

"வாயைப் பாருங்கம்மா."

அம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி ஒதுக்கினார். "வண்டியில கசிவு இருக்கா?"

"பழைய வண்டிம்மா. கொஞ்சம் சொட்டும். அடியில ஆயில் தங்குற தொட்டி இருக்கு, சம்ப்னு சொல்லுவோம். கசியாம இருக்க அதோட விளிம்புல வைக்கிற பாக்கிங்கை ரெண்டு தடவை மாத்திட்டேன்."

"மாத்தின பிறகு?"

"சொட்டுது."

"அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவையும் அதையே மாத்தினீங்க?"

"முதல்ல வாங்கினது மட்டமான பாக்கிங்னு நினைச்சேன்."

கொட்டகையில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள்.

"சம்ப்தான்னு எப்படித் தெரியும் ஐயா?"

"அங்கேதானேம்மா சொட்டு தொங்குது."

அம்மை முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தார். மூவரும் காரின் முன்னால் நின்றார்கள். கொட்டகைத் தரை கழுவிச் சுத்தமாக இருந்தது. பினாயில் வாடை அடித்தது. கார் நிற்கும் இடத்தைச் சுற்றி யாரோ கோலம் கூடப் போட்டிருந்தார்கள்.

"சொட்டு எங்கே?"

"விடியற்காலையில கழுவிட்டாங்கம்மா."

"தினமுமா?"

"தினமும்தான். ஆசிரமத்துல கறை இருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அப்போ ராத்திரியில எவ்வளவு சொட்டுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

தீர்த்தகிரி முன்மூடியைத் தூக்கினார். இன்ஜின் முழுக்க எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தார் போல அப்பியிருந்தது.

"இதுல எது நேத்து வந்தது, எது போன வருஷம் வந்தது?"

"அதை எப்படிம்மா சொல்றது?"

"அப்போ முதல்ல துடைங்க" என்று சொல்லிவிட்டு அம்மை கீரைக்குத் திரும்பிப் போனார்.

மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், கிழிந்த வேட்டி. இருவரும் உச்சிவெயில் வரை தேய்த்தார்கள். மாதையன் அடியில் படுத்திருந்தான். தீர்த்தகிரி மேலே குனிந்திருந்தார்.

"மலை ஏறும்போதெல்லாம் எண்ணெய் கருகுற வாடை வருதுன்னு நாலு தடவை சொன்னேன் சார்."

"நான் ஓட்டிப் பார்த்தப்போ வரலையே."

"நீங்க கீழே பால் சொசைட்டி வரைக்கும்தான் ஓட்டிப் பார்த்தீங்க."

"பேசாம வேலையைப் பாரு."

"வேலையை எவ்வளவு நாளைக்குப் பார்க்கிறதுன்னுதான் இன்னும் முடிவாகலையே."

இன்ஜின் தன் பழைய நிறத்துக்கு வந்தது. தீர்த்தகிரி கைகளைத் துடைத்துக்கொண்டு அம்மையிடம் போனார்.

"பணிமனையில இதுக்கு மேல முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவுவோம்மா. புதுசா ஆயில் கசிஞ்சா அதுல ஈரமாக் கோடு விழும். இங்கே பவுடருக்கு எங்கே போறது?"

அம்மை பூசை அறைக்குள் போய், திருநீறு இருந்த பெரிய சம்புடத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

தீர்த்தகிரி பதறினார். "அம்மா, இது..."

"நெத்தியில வேர்வை எங்கே வருதுன்னு இது காட்டுதில்ல? இன்ஜின்லயும் காட்டும்."

அவர் சம்புடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெல்லிய துணியில் வைத்துத் தட்டித் தட்டித் தூவினார். உச்சியில் இருந்த மேல்மூடியிலிருந்து அடியில் சம்ப் வரைக்கும் இன்ஜின் வெளுத்தது. மாதையன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் அரை மணி நேரம் ஓடியது. எங்கும் கோடு விழவில்லை.

தீர்த்தகிரி சட்டைப் பையிலிருந்து கடிதத்தை மறுபடி எடுத்தார்.

"பார்த்தீங்களாம்மா? பெரிய கசிவு ஒண்ணும் கிடையாது. ஆயில் பார்க்காம வண்டியை எடுத்ததுதான் விஷயம்."

மாதையன் இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவனைப் போல நின்றான்.

"வண்டி எங்கே நின்னுச்சுன்னு சொன்னீங்க?" என்று அம்மை கேட்டார்.

"ஏழாவது வளைவுல."

"அங்கேயும் தரை இந்தக் கொட்டகை மாதிரி சமமா இருக்குமா?"

தீர்த்தகிரி காரைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

மூன்றாவது வளைவில் வாடை வந்தது. மாதையன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டான். ஐந்தாவது வளைவில் தீர்த்தகிரியும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

ஏழாவது வளைவில் கார் மூக்கைத் தூக்கியபடி நின்றது. மாதையன் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். தீர்த்தகிரி முன்மூடியைத் திறந்தார்.

சம்ப்பின் விளிம்பில் சொட்டு தொங்கியது. அதற்கு மேலே ஈரம். ஈரத்தைக் கண்ணால் தொடர்ந்து அவர் மெல்ல மேலே போனார். இன்ஜினின் முதுகு வழியாக, கொதிக்கும் புகைக்குழாயை ஒட்டி, இன்னும் மேலே. கோடு மேல்மூடியின் பின்மூலையில் போய் நின்றது. அதற்கு மேல் திருநீறு காய்ந்து, வெள்ளையாக இருந்தது. கார் ஏற்றத்தில் சாயும்போது உள்ளிருக்கும் ஆயில் எல்லாம் அந்த மூலைக்கு வருகிறது. மூடிக்கு அடியில் இருந்த தக்கைப் பாக்கிங் அங்கே நசுங்கிப் பிளந்து வெளியே பிதுங்கியிருந்தது.

பங்குனியில் அந்த மூடியைக் கழற்றியவர் அவர்தான். இன்ஜினில் வந்த ஒரு சத்தத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பூட்டியபோது, பஸ் இன்ஜின்களுக்குச் செய்கிற பழக்கத்தில் கடைசியாக ஒரு முறுக்கு கூடுதலாக முறுக்கினார். மணிக்கட்டுக்கு அது இன்னும் நினைவிருந்தது.

மாதையன் எட்டிப் பார்த்தான். "சம்ப் பாக்கிங் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான்.

அப்போது மேலிருந்து விறகுக் கட்டுடன் பெருங்காட்டூர் அம்மாள் ஒருவர் இறங்கி வந்தார். காரைப் பார்த்ததும் நின்றார்.

"என்னடா மாதையா, இன்னைக்காவது ஆயில் ஊத்தினியா? இல்ல, இன்னும் ஒரு பிள்ளை பாறை மேல பொறக்கணுமா?"

மாதையன் கல்லைச் சரி செய்வது போலக் குனிந்தான்.

அந்த அம்மாள் தீர்த்தகிரிக்குக் கும்பிடு போட்டார். "நீங்க ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்து, இவன் ஆயில் பார்க்காம வண்டியை எடுத்தான்னு சொன்னதுக்கு அப்புறந்தான் சாமி எங்களுக்கே விவரம் தெரிஞ்சுது. தான் பொறந்த ஊருக்கே இப்படிப் பண்ணுவானா ஒருத்தன்?"

தீர்த்தகிரி பதிலுக்குக் கும்பிட்டார். முன்மூடியைச் சாத்தினார். விறகுக் கட்டு வளைவைத் தாண்டி மறைந்தது.

மறுநாள் புதுத் தக்கைப் பாக்கிங் வந்தது. அதை வைத்து மூடியைப் பூட்டி, அளவோடு முறுக்கினார். இன்ஜினை மறுபடி துடைத்துத் திருநீறு தூவினார். மாதையன் ஏழாவது வளைவு வரைக்கும் இரண்டு தடவை ஏறி இறங்கினான். எங்கும் ஈரம் இல்லை.

தீர்த்தகிரி அம்மையிடம் வந்தார். அம்மை கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"கசிவு நின்னுடுச்சும்மா. மேல்மூடியில இருந்து வந்திருக்கு. மூடியைப் பூட்டினது நான்தான்."

"சரி."

"கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். மாதையன் எப்பவும் போல வேலைக்கு வரட்டும்."

"சரி."

"அப்போ நான் வர்றேம்மா."

"இருங்க ஐயா. மேலே பாக்கிங்கை மாத்தினதும், கீழே வடிஞ்சிருந்த ஆயில் தானாப் போயிடுச்சா?"

"தானா எப்படிம்மா போகும்? துடைச்சாத்தான் போகும். இல்லேன்னா இன்னும் கசியுதுன்னுதான் பார்க்கிறவங்க நினைப்பாங்க."

"எதுவரைக்கும் துடைச்சீங்க?"

"எதுவரைக்கும் வடிஞ்சிருந்ததோ அதுவரைக்கும்."

சொன்ன பிறகு தீர்த்தகிரி அப்படியே நின்றார்.

அம்மை ஒரு வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். "பெருங்காட்டூர்ல இன்னைக்கு யாரும் சந்தைக்குப் போகலையாம்" என்றார். "எல்லாரும் ஊர்லதான் இருப்பாங்க."