எண்பத்து மூன்றாம் பக்கம்

நூலகத்தில் மாதந்தோறும் ஊர் வரலாறு பற்றி ஒருவர் பேசுவது வழக்கம். அந்த மாதம் பேசியவர் பெரிய வீட்டுத் திருவேங்கடம். மேட்டுத்தெருக் கிணற்றை வெட்டியது தன் பாட்டனார், ஆகவே அது தன் குடும்பச் சொத்து என்றும், திங்கட்கிழமை அதற்குப் பூட்டுப் போடப்போவதாகவும் சொன்னார்.

நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் பாவாயி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னே வந்தாள். அவள் தெருவுக்கு அந்தக் கிணற்றை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

"அது எங்க சனங்க வெட்டுனதுங்க ஐயா."

"எழுத்தில் காட்டு, பார்க்கலாம்! இதோ, இந்தப் பழைய புத்தகத்தில், எண்பத்து மூன்றாம் பக்கத்தில் என் பாட்டனார் பேர் இருக்கிறது."

"இதே புத்தகத்துலதான் படிச்சீங்களா? வேற பிரதி இருக்குதுங்களா?"

"ஊருக்கே இது ஒன்றுதான். மூன்று முறை படித்திருக்கிறேன்!"

"அப்ப அந்தப் பக்கத்தை வாசிங்க ஐயா, எல்லாரும் கேட்டுக்கறோம்."

திருவேங்கடம் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். அந்தக் காலத்துப் புத்தகம். மடித்துத் தைத்த தாள்களை வாசிப்பவர்தான் ஓரம் வெட்டிப் பிரிக்க வேண்டும். எண்பத்து மூன்றாம் பக்கத்தை யாரும் பிரித்ததே இல்லை.

"பன்னெண்டு வருசமா தூசி தட்டறேனுங்க," என்றாள் பாவாயி. "கத்தி கொண்டாரட்டுங்களா?"

கூட்டம் சிரித்தது. நூலகர் கலைமணி தாளைப் பிரித்து உரக்க வாசித்தார். முழுக்க மாட்டுச் சந்தை பற்றித்தான் இருந்தது. பூட்டுப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டுத் திருவேங்கடம் வெளியேறினார்.

"உங்க ஆளுங்க பேரும் இதுல இல்லையேம்மா," என்றார் கலைமணி.

"எப்படிங்க இருக்கும்? எழுதினவரு கிணத்துக்குள்ள இறங்கலையே," என்று பாவாயி விளக்குமாற்றை எடுத்தாள்.