அயிரை மீன் திருப்பிக் கொடுத்த கிண்ணம்

அந்தக் காலத்தில், மீனும் கொக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அயிரை மீன் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்ததே கிடையாது. கண்மாயின் அடியில் கிடக்கும் மணல்தான் அதற்கு வீடு, வாசல், படுக்கை எல்லாம். கழுத்துவரை மணலைப் போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருக்கும். மேலே என்ன விசேஷம் என்று யாராவது கேட்டால், "எனக்கென்ன தெரியும்? நான் உண்டு, என் மணல் உண்டு" என்று சொல்லிவிடும்.

இப்போது அப்படியா இருக்கிறது? கண்ணாடித் தொட்டியில் நாலு அயிரையை விட்டுப் பாருங்கள். சும்மா படுத்திருந்தது திடீரென்று சர்ரென்று மேலே போகும். ஒரு மடக்கு காற்றைக் குடிக்கும். விழுந்தடித்துக்கொண்டு கீழே வந்து மணலுக்குள் புகுந்துகொள்ளும். மழை வரப்போகும் நாளில் கேட்கவே வேண்டாம், மேலும் கீழுமாக ஒரே அமர்க்களம். புதிதாகத் தொட்டி வாங்கியவர்கள், "ஐயையோ, மீனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று கடைக்காரரிடம் ஓடுகிறார்கள். கிறுக்கும் இல்லை, கண்ணேறும் இல்லை. அது வளர்ந்த விதம் அப்படி. அவசரப்படாமல் கேளுங்கள்.

மதுரைக்கு மேற்கே ஒரு கண்மாய். அதில் ஒச்சம்மா என்று ஓர் அயிரை. தங்கமானவள்தான், ஆனால் ரோஷக்காரி. யார் வீட்டிலிருந்து எது வந்தாலும், வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டாள். நத்தை வீட்டிலிருந்து ஒரு சிப்பியில் பாசிக்கூட்டு வந்தால், சிப்பியைக் கழுவி, அதில் ஒரு புழுவையாவது வைத்துத்தான் அனுப்புவாள். நல்ல பழக்கம். என் எவர்சில்வர் தூக்கு ஒன்று போன தீபாவளிக்கு முறுக்கோடு எதிர்வீட்டுக்குப் போனது. முறுக்கு போகட்டும், தூக்காவது வர வேண்டாமா? அவர்களை ஒச்சம்மாவிடம் ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டும்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் வற்றி வற்றிக் குட்டையாகிப் போனது. மிச்சமிருந்த தண்ணீரும் கூழ் மாதிரி கெட்டிப்பட்டுச் சூடேறிக் கிடந்தது. அதில் மூச்சே இல்லை. ஒச்சம்மாவின் குஞ்சுகள் மணலில் சாய்ந்து கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"அம்மா, நெஞ்சை அடைக்குதும்மா" என்றது கடைக்குட்டி.

ஒச்சம்மா பக்கத்துப் பொந்தில் இருந்த மீசைக் கெளுத்தியிடம் ஓடினாள். "மாமா, என் பிள்ளைக செத்துப் போயிரும் போல இருக்கே! நான் என்ன செய்வேன்?"

"தண்ணியில மூச்சு தீர்ந்துபோச்சு தாயி. மேல காத்தாயி வீட்டுல கொட்டிக் கிடக்கு" என்றது கெளுத்தி. காத்தாயி என்றால் வேறு யாரும் இல்லை, வீசுகிற காற்றுதான். "ஆனா கரையில கொக்கு ஒத்தக்கால்ல நிக்கிறான். மேல போனா அவனுக்கு நீதான் சாப்பாடு."

"நிக்கட்டும். என் பிள்ளைகளைவிட அவன் பெரிய ஆளோ?" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மா கிளம்பினாள். பிறந்ததிலிருந்து போகாத வழி. கண்ணை இறுக மூடிக்கொண்டு நேரே மேலே போய் மூக்கை நீட்டினாள்.

"காத்தாயி அக்கா! பிள்ளைகளுக்கு ஒரு மடக்கு மூச்சு கொடுப்பீகளா?"

"யாரும்மா நீ? பார்த்த முகமாவே இல்லையே!"

"கீழ் வீடுக்கா. மணல்ல இருக்கோம்."

"அடிப்பாவி! இத்தனை வருஷமா கீழ் வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருப்பியா?" என்று கோபித்துக்கொண்டே காத்தாயி ஒரு கிண்ணம் நிறைய மூச்சை மொண்டு கொடுத்தாள். கிண்ணம் என்றால் பித்தளையும் வெண்கலமும் இல்லை, நீர்க்குமிழி. அதுதான் காத்தாயி வீட்டுப் பாத்திரம்.

கொக்கு அதற்குள் பார்த்துவிட்டான். லபக்கென்று ஒரு கொத்து! வால் நுனி மட்டும் அவன் அலகில் பட்டது. ஒச்சம்மா கிண்ணத்தை வாயில் அடக்கிக்கொண்டு தலைகுப்புறக் கீழே பாய்ந்தாள். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் குடித்ததும் முகம் தெளிந்து, வாலை ஆட்டின. ஒச்சம்மா அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்துப் பார்த்தால், எதிரே காலிக் கிண்ணம்.

"விடும்மா, தானா மிதந்து மேல போயிரும்" என்றது கெளுத்தி.

"வெறுங்கிண்ணத்தையா? நானா?"

"உசுரு தப்பி வந்ததே பெருசு. இப்ப மரியாதை ஒண்ணுதான் குறைச்சலாக்கும்!"

"மாமா, பொழுது விடிஞ்சா பிள்ளைகளுக்கு மறுபடியும் மூச்சு வேணும். வெறுங்கிண்ணத்தைக் கொடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த அக்காகிட்ட நிப்பேன்?"

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டில் என்ன இருக்கிறது கொடுக்க? பாசி கருகிவிட்டது. புழு பூச்சி ஒன்றும் இல்லை. துழாவித் துழாவிப் பார்த்தாள். கடைசியில் தான் படுக்கிற இடத்தையே தோண்டினாள். தோண்டத் தோண்ட அடியில் இன்னும் ஈரம் காயாத மண் இருந்தது. அதில் போன மழையின் வாசம் அப்படியே தங்கியிருந்தது. அந்த வாசத்தை அள்ளிக் கிண்ணத்தில் நிரப்பினாள்.

"அம்மா, போகாதம்மா" என்று பிள்ளைகள் அவளை மறித்தன.

"கிண்ணத்தைக் கொடுத்துட்டு இப்ப வந்துருவேன்" என்றாள்.

மேலே கொக்கு கழுத்தை நீட்டித் தயாராகக் காத்திருந்தான். அவள் தலை தெரிந்ததும் அவனுக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

"தப்பிச்சுப் போனவ யாராவது திரும்பி வருவாளா? உனக்கென்ன புத்தி பேதலிச்சிருச்சா?"

"கிண்ணம் கொடுக்க வந்தேன். வழியை விடு."

"கிண்ணமா!" என்று சிரித்துக்கொண்டே அவளை அலகால் கவ்விவிட்டான். ஒச்சம்மா கிண்ணத்தை மட்டும் விடவே இல்லை.

காத்தாயிக்கு வந்ததே கோபம்! "அடேய் நெட்டைக்கழுத்தா! என் வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுவர்றவ மேலயா வாயை வைக்கிற?" என்று ஓங்கி ஒரு வீசு வீசினாள். ஒற்றைக்காலில் நிற்கிறவன் என்ன ஆவான்? இறக்கை குடை மாதிரி மடங்கி, தொப்பென்று சேற்றில் விழுந்தான். ஒச்சம்மா அலகிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தாள்.

"இந்தாங்கக்கா உங்க கிண்ணம். வீட்டுல வேற ஒண்ணும் இல்ல. தப்பா நினைக்காதீக."

காத்தாயி திறந்து முகர்ந்தாள். "ஆத்தி! என்ன வாசம்டி இது!" கிண்ணத்தோடு மேற்கு மலைக்கு ஓடினாள். அங்கே ஒரு கொழுத்த மேகம் மலைமேல் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதன் மூக்குக்கு நேரே கிண்ணத்தைப் பிடித்தாள்.

மேகம் பதறி எழுந்தது. "இது நான் பெய்ஞ்ச மண்ணுல்ல! அடடா, அந்தக் கண்மாயை மறந்தே போயிட்டேனே! பாவம், எப்படித் தவிச்சுப் போச்சோ!" என்று கண் கலங்கிக்கொண்டே கிளம்பியது.

பெய்தது பாருங்கள் மழை! கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அயிரைக் குஞ்சுகள் புதுத் தண்ணீரில் குதியாட்டம் போட்டன. மீசைக் கெளுத்தி, "அப்பவே சொன்னேன், கிண்ணத்தை வெறுமையா கொடுக்கக் கூடாதுன்னு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஒச்சம்மா நிம்மதியாக மணலைப் போர்த்திப் படுத்தாள். அவ்வளவுதான், மேலேயிருந்து காத்தாயி கூப்பிட்டாள். "ஏ ஒச்சம்மா! நீ அவ்வளவு வாசம் வச்சுக் கொடுத்திருக்க, நான் வெறுங்கிண்ணத்தைக் கவுத்து வைக்கவா? இந்தா, மழைக்காத்து. பிள்ளைகளுக்குக் கொடு."

ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, இனி நான் திருப்பிக் கொடுக்கணுமே!"

"கொடேன். நான் என்ன சும்மாவா வாங்கிக்குவேன்?"

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அப்புறம் எப்படி முடியும்?

அன்று முதல்தான் அயிரை மீன் மேலே பாய்வதும், குமிழியைக் கொடுத்து இன்னொரு வாய் வாங்குவதும், கொக்குக்குப் பயந்து அவசர அவசரமாக மணலுக்குள் ஒளிவதுமாக இருக்கிறது. மழைநாள் என்றால் காத்தாயி வீட்டில் விசேஷம். விசேஷ நாளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே பாத்திரம் ஓயாமல் போய் வரத்தானே செய்யும்? அதனால், உங்கள் கண்ணாடித் தொட்டியில் அயிரை திடீரென்று மேலே ஓடினால் கடைக்காரரைத் தேடாதீர்கள். கிண்ணம் கொடுக்கப் போயிருக்கிறது, இப்போது வந்துவிடும்.