அஞ்சாவது மாடிக்கு ஒரு பட்டன்

கோவையில் அடுக்குமாடி வீடு கட்டி விற்கிற மாரப்பன், தன் ஆட்கள் முன்னாலேயே ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் அவள் புதுசு.

“வாங்க வர்றவங்க போன்லயே வீட்டுக்குள்ள நடந்து பார்க்கணும். ஒரு பட்டன்தானம்மா? சாயங்காலத்துக்குள்ள வச்சிரு. இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

ஜெசிந்தா சிரித்த முகமாகவே சொன்னாள்: “சரிங்க சார். அதுக்குள்ள உங்க நாலு மாடிக் கட்டடத்து லிஃப்ட்ல அஞ்சுன்னு ஒரு பட்டன் வச்சிருங்க. சாயங்காலமே அஞ்சாவது மாடிக்கு நான் குடிவந்துடறேன்.”

“மாடியே இல்லாம பட்டனை வச்சு என்னம்மா பண்றது?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற அவருடைய மேனேஜர் குபீரென்று சிரித்துவிட்டார்.

மாரப்பன் அவரை முறைத்தார். முறைக்க முறைக்க அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சரிம்மா, அஸ்திவாரம் போட எத்தனை நாள் வேணும், சொல்லு,” என்றார்.