ஈர மண்ணில் ஒரு தெப்பம்

ஊருக்கு நடுவே ஆறு ஓடியதா, ஆற்றுக்கு நடுவே ஊர் கிடந்ததா என்று சொல்ல முடியாத ஒரு சீமையை நெடுங்காலத்துக்கு முன் அதிரவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. யாராவது புதிதாக ஒரு யோசனை சொல்லி, அதில் சபையார் குறை கண்டுவிட்டால், சொன்னவர் கழுதைமேல் கடைவீதியைச் சுற்றிவர வேண்டும். குறை காண்பதற்கென்றே சபையில் சேந்தபிரான் இருந்தார். பட்டு அங்கவஸ்திரம் கசங்காமல் உட்கார்ந்தபடியே எவரையும் கழுதை ஏற்றிவிடுவார்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு இதுவரை யாரும் காணாத தெப்பம் வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. தச்சர் கொற்றனாரையும் ஓடக்காரர் மாசாணத்தையும் பூ அலங்காரம் செய்யும் வெள்ளையம்மாளையும் கூப்பிட்டுக் கேட்டார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வாய் திறப்பவருக்குக் கழுதை தயார் என்று தெரியாதா என்ன? ராஜாவின் கோபம் மந்திரி மருதனார்மேல் திரும்பியது. பொழுது சாய்வதற்குள் தெப்பத்தின் மாதிரி வராவிட்டால் மந்திரியின் முத்திரை மோதிரம் சேந்தபிரானுக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். சேந்தபிரான் அப்போதே தம் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மருதனார் போய் ஈரக் களிமண்ணில் தாமே ஒரு தெப்பம் பிடித்து, பலகையில் வைத்துத் தூக்கிவந்தார். மண்டபம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாசற்படி, சாமி குளிக்கப் போவதுபோல நேரே தண்ணீருக்குள் இறங்கியது. சபை சிரித்தது. சேந்தபிரான் கழுதைக்கு ஆள் அனுப்பினார்.

"கழுதை வரட்டும், ஏறுகிறேன்," என்றார் மந்திரி. "அதுவரை ஒரு வேண்டுகோள், மகாராஜா. மண் இன்னும் காயவில்லை. குறை சொல்கிறவர் எவரானாலும் கையை விட்டுத் திருத்திக் காட்டட்டும். கை வைத்தவருக்குக் கழுதை வேண்டாம்."

ராஜா சம்மதித்தார். சேந்தபிரான் மண்ணைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், வெற்றிலை போட வெளியே போய்விட்டார்.

மாசாணத்துக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "இது கரையிலேயே கவுந்துரும் சாமி," என்று அடிப்பாகத்தை அகலமாக்கினார். அகலம் கிடைத்ததும் கொற்றனார் மண்டபத்தை நடுவில் நிமிர்த்தினார். இந்தக் கரைக்குச் சாமி முகம் தெரிந்தால் அந்தக் கரைக்காரர்கள் முதுகையா கும்பிடுவது என்று கேட்டாள் வெள்ளையம்மாள். அப்படியானால் பீடத்தைச் சுற்றவிடலாமே என்றார் கொற்றனார். சுற்றினால் தெப்பம் ஆடும், அடியில் பாரம் வைக்கலாம் என்றார் மாசாணம். சற்று நேரத்தில் எது யார் சொன்னது என்றே தெரியவில்லை. ராஜாவுக்கும் கை சும்மா இருக்கவில்லை. இறங்கிவந்து முகப்பில் ஒரு மயில் ஒட்டினார்.

வேலை முடியும்போது சேந்தபிரான் வாய் சிவக்கத் திரும்பிவந்தார். ராஜா சால்வையை எடுத்து, இது யாருடைய யோசனை என்று கேட்டார். மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

சேந்தபிரான் முன்னால் வந்தார். "எல்லாம் நான் போகுமுன் இவர்களுக்குச் சொல்லிவைத்ததுதான், மகாராஜா. முகப்பில் அந்தக் கோழியை மட்டும் எந்த மூடன் ஒட்டினானோ, தெரியாது."

ராஜா சால்வையைக் கீழே வைத்துவிட்டு, மண் அப்பியிருந்த தம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சேந்தபிரானின் முகத்தில் வெற்றிலைச் சிவப்பு மட்டுமே மிஞ்சியது. கழுதையும் சரியாக வாசலில் வந்து நின்றது.

"குறை சொன்னவர் திருத்த வேண்டும் என்றுதானே பேச்சு?" என்றார் மருதனார் மெதுவாக.

ராஜா மயிலை இப்படியும் அப்படியும் பார்த்தார். "கோழி மாதிரிதான் இருக்கிறது," என்று ஒப்புக்கொண்டார். "திருத்தும், சேந்தபிரானே."

அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகச் சேந்தபிரான் மண்ணில் கை வைத்தார். வால் நன்றாகவே வந்தது. அவருக்கே ஆச்சரியம்.

மோதிரம் மருதனார் விரலிலேயே இருந்தது. சால்வையை மண்டபத்துக்குச் சுற்றிவிட்டார்கள். தெப்பம் ஓடிய அன்று ராஜா கரையில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, "வால் அவருடையது, கழுத்து என்னுடையது," என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.