நான்கு பேரும் ஒத்துக்கொண்ட கட்டில்

உளிக்குறிச்சிக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரரிடமே வழி கேட்டால், நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களோ அந்தப் பக்கமே கையை நீட்டிவிடுவார். கேட்டவர் மனம் நோகக் கூடாதாம். அப்படிப்பட்ட ஊரில் நான்கு தச்சர்கள் இருந்தார்கள். நான்கு பேர் திறமையையும் கூட்டினால் முக்கால் தச்சர் தேறும் என்று ஊரில் சொல்வார்கள். "என்னைக் கழிச்சிட்டா முழுசா ஒண்ணு தேறும்வே" என்று மூக்காண்டி ஆசாரி திருத்துவார்.

இந்த மூக்காண்டி ஆசாரி எனக்குக் கொள்ளுத்தாத்தா. அதனால் கதையில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

அவரிடம் பொய் கிடையாது. "ஆசாரியாரே, நீர் செஞ்ச நாற்காலியில நீர் உட்காருவீரா?" என்று யாராவது கேட்டால், "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்பார். அவர் வீட்டில் அவரே செய்த முக்காலி ஒன்று மூலையில் இருந்தது. அவரும் அவர் மனைவி வடிவும் அதைச் சுற்றித்தான் நடப்பார்கள்.

ஆனி மாதம் வடிவின் அண்ணன் விருந்துக்கு வந்தார். விவரம் தெரியாமல் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. அவர் உட்காரப் போனார், முக்காலி அவரை முந்திக்கொண்டு தரைக்குப் போய்விட்டது. இலையில் இருந்த ரசம் மடிக்கு வந்தது.

வடிவு அழவில்லை, கத்தவில்லை. அதுதான் மூக்காண்டியை மிரட்டியது. நான்கு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்:

"ஆசாரி வீட்டுல வாக்கப்பட்டு இத்தனை வருசமாத் தரையில படுக்கேன். எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். கார்த்திகை மொத நாள் வருவேன். அதுக்குள்ள எனக்கு ஒரு கட்டில் செஞ்சு வைங்க. நாலு காலும் அசையாம தரையில நிக்கணும். உங்க இஷ்டத்துக்கு மரம் எடுக்கக் கூடாது. நாலு ஆசாரிமாரும் ஒத்துக்கிட்ட மரமா இருக்கணும். இல்லேன்னா வந்த வழியே திரும்பிருவேன், பிறகு தேடி வராதிய."

வடிவு இல்லாத வீட்டில் மூக்காண்டிக்குச் சோறு இறங்கவில்லை. சோறு வேகவில்லை என்பது ஒரு காரணம். அவளை நினைத்து நெஞ்சு அடைத்தது என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று சோதிக்க ஒருநாள் சோற்றை நன்றாக வேகவைத்துப் பார்த்தார். அப்போதும் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பட்டறையில் நான்கு பேரும் கூடினார்கள். வயதில் மூத்த சங்கரபாண்டி ஆசாரி பேச்சைத் தொடங்கினார்.

"மரம்னா தேக்குதான்வே. பூச்சி அண்டாது, வெயிலுக்கு விரியாது, பொன்னு மாதிரி இருக்கும்."

"நீரு தேக்குல என்னென்ன செஞ்சிருக்கீரு?" என்று கேட்டார் மூக்காண்டி.

"இன்னும் ஒண்ணும் செய்யல. அதனாலதான் அது இன்னும் நல்ல மரமா இருக்கு."

கொம்பையா ஆசாரிக்குத் தேக்கு ஆகாது. தேக்குத்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. ஒருமுறை ஒரு தேக்குப் பலகையை அறுத்தபோது தும்மின தும்மலில் கோடு தவறி, பலகைக்குப் பதிலாக அதைத் தாங்கியிருந்த மணைக்கட்டையை இரண்டாக்கிவிட்டார். "பலாதான்வே மரம். மஞ்சளா, மங்களகரமா இருக்கும்" என்றார் அவர்.

தவசி ஆசாரிக்குப் பலா ஆகாது. பலா மரத்தில் கை வைத்தால் அவருக்குப் பழத்தின் நினைப்பு வந்துவிடும், வேலை ஓடாது. அவருக்குப் பிடித்தது புளியமரம். "புளியில ஒரு சாமான் செஞ்சா உலகம் அழியுத வரைக்கும் நிக்கும்" என்பார். அவர் ஐந்து வருஷமாகப் புளியில் ஒரு உரல் செய்துகொண்டிருந்தார். இதுவரை விழுந்த குழியில் ஒரு கோலிக்குண்டு நிற்கும்.

மூக்காண்டிக்குப் புளி என்றாலே உடம்பு நடுங்கும். அவருடைய நல்ல உளியின் வாய் போனது அந்த மரத்தில்தான். "எனக்கு முருங்கை போதும். உளி வச்சா வாழைத்தண்டுல போற மாதிரிப் போவும். ஆசாரிக்கும் மரத்துக்கும் சண்டையே கிடையாது" என்றார்.

"முருங்கையா!" என்று சங்கரபாண்டி துண்டை உதறினார். "அது ஒரு மரமாவே? காக்கா உட்கார்ந்தா ஒடியும். அதைத் தொட்டா நான் தலைமுழுகணும்."

ஆக, ஒவ்வொருவருக்கும் உயிரான மரம் இன்னொருவருக்கு வேப்பங்காயாக இருந்தது. வேறு மரத்தைப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். உளிக்குறிச்சியில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் யோசித்துக் கொம்பையா ஒரு வழி சொன்னார். "நம்ம சங்கரபாண்டி அண்ணாச்சிக்கும் அவுக மாமனாருக்கும் மொதல்ல ஆகாது. பிறகு ஒரே வீட்டுல இருந்து பழகினாக, சரியாப் போச்சு. மரத்தோடயும் அப்படிப் பழகிப் பார்ப்போம். ஆளுக்கு மூணு நாள், பிடிக்காத மரத்தோட இருப்போம். யாருக்கு மனசு மாறுதோ அந்த மரத்துல கட்டில்."

நான்கு பேரும் ஆளுக்கொரு கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கொம்பையா தேக்குக்கட்டையைப் பாயில் பக்கத்தில் போட்டுப் படுத்தார். மூன்று நாளில் அவர் தும்மிய தும்மலில் அடுத்த வீட்டுக் கோழி அடைகாப்பதை விட்டு ஓடிவிட்டது. தவசி பலாக்கட்டையைப் பிரியமாகக் கட்டிப்பிடித்துப் பார்த்தார். பால் வடிகிற பச்சைக்கட்டை. விடிந்து பார்த்தால் இரண்டு கையும் நெஞ்சும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் மனைவி ஒரு செம்பு நல்லெண்ணெய் ஊற்றித்தான் புருஷனை மரத்திலிருந்து பிரித்தாள். மூக்காண்டி புளியங்கட்டைக்கு எதிரில் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்து, "என் உளியை மன்னிச்சிரு" என்று மூன்று நாளும் கேட்டார். கட்டை பதில் சொல்லவில்லை. அவருக்கும் மனசு மாறவில்லை. கார்த்திகையை நினைத்து அழுகை வந்தது.

சங்கரபாண்டி மட்டும் மூன்றாம் நாள் சிரித்த முகமாக வந்தார்.

"மரம் எனக்கு இன்னும் பிடிக்கல. ஆனா கட்டையில இருந்த கீரையை எம்பொண்டாட்டி பருப்புப் போட்டுப் பொரிச்சா பாரும், அடடா! கீரை பிடிச்சிருச்சுன்னா அது விளையுத மரத்தை எப்படிவே வெறுக்க?"

"அப்ப முருங்கைக்கு நாலு பேரும் ஒத்துக்கிட்டோமா?" என்று மூக்காண்டி கேட்டார்.

"ஒத்துக்கிட்டோம்" என்றார்கள் மூவரும். மூக்காண்டி மூன்று பேர் காலிலும் விழுந்தார். எழுந்த வேகத்தில் தன் காலிலும் விழப் பார்த்தார், ஏனென்றால் ஒத்துக்கொண்ட நான்கு பேரில் அவரும் ஒருவர்.

ஆவணியில் மூக்காண்டி வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கியது. முதலில் கால்களை அழகாக மெல்லியதாகச் செதுக்கினார்கள். தவசி உட்கார்ந்து பார்த்தார். நான்கு காலும் ஒடிந்தன. "அழகு ஆபத்துவே" என்று முடிவு செய்து, இந்தமுறை முருங்கைத் தூரையே வெட்டிக்கொண்டு வந்து, பட்டையைக்கூட உரிக்காமல், ஆள் உயரத்துக்கு அப்படியே கால்களாக வைத்தார்கள். இடுப்பு உயரத்தில் குறுக்கே பருத்த கம்புகளைக் கட்டி, தென்னங்கயிற்றால் பின்னினார்கள். பார்க்கக் கட்டில் மாதிரியே இருந்தது. மூக்காண்டிக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆனால் மூன்று கால்தான் தரையில் நின்றன. நான்காவது கால் அந்தரத்தில் தொங்கியது.

"மத்த மூணையும் கொஞ்சம் அறுக்கலாமா?" என்றார் கொம்பையா.

"அறுத்து அறுத்து நான் ஒரு மேசையைப் பலகையாக்கினவன். ரம்பத்தை என் கையில குடுக்காதீரும்" என்றார் மூக்காண்டி.

சங்கரபாண்டி தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காலு சரியாத்தான் இருக்கு. தரைதான் எட்டல. காலு நாலும் தரையில நிக்கணும்னுதானே தங்கச்சி சொல்லிச்சு? ஆளுக்கொரு குழி தோண்டி இறக்கிருவோம்."

ஒரு முழ ஆழத்துக்கு நான்கு குழி தோண்டி, நான்கு காலையும் இறக்கி, மண் தள்ளி மிதித்தார்கள். கட்டில் அசையவே இல்லை. மண் இறுக்கமாகவே இருக்கட்டும் என்று மூக்காண்டி தினமும் காலையில் காலுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவந்தார்.

புரட்டாசியில் கட்டில்கால்களின் உச்சியில் பச்சையாக ஏதோ முளைத்தது. மூக்காண்டி பதறிப்போய் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொம்பையா காலைத் தொட்டுப் பார்த்து, "சூடு இல்ல. காய்ச்சல் கிடையாது" என்றார். தவசி இலையைக் கிள்ளி மென்று, "கட்டிலுக்கு நம்ம வேலை பிடிச்சிருக்கு" என்றார். ஐப்பசி மழை பெய்ததும் நான்கு காலும் கிளைவிட்டுப் பந்தலாகி, வெள்ளைவெள்ளையாகப் பூத்தும்விட்டன.

கார்த்திகை முதல் நாள். மூக்காண்டி விடியற்காலையிலிருந்து தெருமுனையில் நின்றார். திரும்பிப் போய்விடுவாளோ என்ற ஒரே பயம். வெயில் உச்சிக்கு வந்தபோது வடிவும் வந்து சேர்ந்தாள். மூட்டையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

முற்றத்தில் கட்டிலைப் பார்த்தாள். சுற்றிவந்தாள். ஒரு காலைப் பிடித்து உலுக்கினாள். நாலைந்து பூ அவள் தலையில் உதிர்ந்ததே தவிரக் கட்டில் அசையவில்லை.

"என்ன மரம் இது?"

"முருங்கை" என்றார் மூக்காண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நாலு பேரும் ஒத்துக்கிட்டோம் தாயி!" என்று மற்ற மூவரும் வேலிக்குப் பின்னாலிருந்து கத்தினார்கள்.

வடிவு குற்றம் கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தாள். நான்கு காலும் தரையில்தான் இருந்தன. உட்கார்ந்தாள். எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். விழவில்லை. மூட்டையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். இலை நிழல் குளுகுளுவென்று இருந்தது.

"இருந்தாலும் கட்டிலை யாராவது முத்தத்துல போடுவாகளா? நாலு மைல் நடந்த அலுப்பு, கொஞ்சம் கண்ணசருதேன். நான் முழிக்கும்போது இந்தக் கட்டில் வீட்டுக்குள்ள இருக்கணும். என் தூக்கமும் கலையக் கூடாது. கலைஞ்சுதோ, எந்திரிச்சு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. நான்கு பேரும் கிணற்றடியில் குசுகுசுவென்று கூடினார்கள்.

"தூக்கிருவோமா?" என்றார் தவசி.

"வேர் விட்டிருக்குவே" என்றார் சங்கரபாண்டி.

"காலை அறுத்துட்டா?" என்று கேட்டார் கொம்பையா.

"அப்ப காலு தரையில நிக்காது. பிறகு அவ என்கூட நிக்க மாட்டா" என்றார் மூக்காண்டி. கண் கலங்கிவிட்டது.

சங்கரபாண்டி தாடையைத் தடவினார். "கட்டில் வீட்டுக்கு வராது. வீடு கட்டிலுக்கு வருமா?" நான்கு பேரும் போய் வீட்டுச் சுவரில் தோளைக் கொடுத்துச் சத்தமில்லாமல் தள்ளிப் பார்த்தார்கள். வீடு வருவதாக இல்லை.

"அப்ப கட்டிலைச் சுத்தி இன்னொரு வீடு கட்டிருவோம்" என்றார் கொம்பையா.

தவசி மாட்டுத்தொழுவம் கட்ட அறுத்துக் காயவைத்திருந்த, சுடாத பச்சைக்கல் முழுவதும் வந்து இறங்கியது. மண் குழைத்தார்கள். மூக்காண்டி சுவர் சாயாமல் இருக்கிறதா என்று உள்ளே நின்று பார்த்துப் பூசினார், மற்ற மூவரும் வெளியே நின்று கல் அடுக்கினார்கள். இருமல் வந்தால் மூக்காண்டி துண்டை வாயில் திணித்துக்கொண்டார். அவர் ஆயுளில் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை. பொழுது சாய்வதற்குள் நான்கு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுந்துவிட்டது. கூரைக்கு முருங்கைப் பந்தலே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

வடிவு கண் விழித்தாள். சுவரைப் பார்த்தாள். கட்டிலைத் தடவிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, உள்ள கொண்டாந்துட்டியளே! நான் முழிக்கவே இல்ல" என்றாள். அவள் அவரைப் பார்த்துச் சிரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூக்காண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரி, அடுப்பு மூட்டணும். வாசல் எங்க?"

மூக்காண்டி நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்தார். வாசல் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று மறுபடியும் பார்த்தார். பிறகு வெளியே குரல் கொடுத்தார்: "வே! வாசல் எந்தப் பக்கம் வச்சிருக்கீய?"

"கதவு அளவு தெரியாம வாசல் எப்படிவே விட?" என்றது சங்கரபாண்டியின் குரல். "மொதல்ல கதவு, பிறகுதான் சுவத்துல ஓட்டை."

"அப்ப கதவைச் செய்யும்!"

"எந்த மரத்துல?"

பிறகு, "தேக்குல..." என்று ஆரம்பித்தது ஒரு குரல். தும்மல் கேட்டது. பலா என்றது இன்னொன்று. புளி என்றது மற்றொன்று. "முருங்கை போதுமேவே!" என்று மூக்காண்டி உள்ளேயிருந்து கத்தினார். "கதவு கீரை விட்டா எப்படிவே சாத்த?" என்று சங்கரபாண்டி திருப்பிக் கத்தினார்.

வடிவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "ஏதோ ஒரு மரத்துல செஞ்சு தொலைங்க அண்ணாச்சி! வேம்புல செய்யுங்க!"



"தங்கச்சியும் பேச்சுல சேர்ந்தாச்சு. இனி அஞ்சு பேரும் ஒத்துக்கிடணும்" என்றார் கொம்பையா கவலையாக.

"வேம்பு கசக்கும் தாயி" என்றார் தவசி.

"கதவைத் திங்கவா போறிய? வேம்புல புழு விழாது. எங்க அப்பா வீட்டுக் கதவு வேம்புதான், முப்பது வருசமா நிக்கு!"

"அப்ப உனக்கு ஆகாத மரம் எது தாயி? அதையும் சொல்லிட்டேன்னா வசதியா இருக்கும்" என்றார் தவசி.

வடிவு திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். அவளிடம் யாரும் இதுவரை அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை.

"மாமரம் ஆகாது. மழைக்கு உப்பிப்போவும்" என்றாள்.

"யாரு சொன்னா? மாமரம் உப்பாது!" என்றது சங்கரபாண்டியின் குரல்.

"நான் சொல்லுதேன் அண்ணாச்சி! இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்!"

சொன்னவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்காண்டியை ஒரு ஓரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்:

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்தாதிய. மொதல்ல இருந்து வாங்க. தேக்கு யாருக்கு ஆகாது?"